துப்புரவு செய்த பிறகு தாமதிக்கும் கணினி

டிஸ்க் பராமரிப்பு என்ற பெயரில் நான்கு வேலைகள் நடக்கின்றன. வேண்டாத கோப்புகளை அழிக்கும் டிஸ்க் கிளீன்அப் ஒன்று. சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஓரிடத்தில் சேர்க்கும் டீஃப்ராக் இன்னொன்று. கோப்பு அமைப்பில் உள்ள பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் மூன்றாவது. டிஸ்க்கைப் புதிதாகப் பிரிப்பதும் அதில் உள்ளதை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவதும் நான்காவது. எதைச் செய்தாலும் கணினி வேகமாகும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் முன்பு ஒரு நிமிடத்தில் திறந்த கணினி, துப்புரவு முடிந்த மறுநாள் நாலைந்து நிமிடம் எடுப்பதும் உண்டு. அந்த நிலையில் பலரும் உடனே நாடும் மருந்து, டிஸ்க்கை ஃபோர்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. பெரும்பாலான வேளைகளில் அது தேவையில்லாத வேலை. டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் ஆபத்தான வேலையும்கூட.

தாமதத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. துப்புரவு செய்தபோது அழிந்துபோன குறிப்புகளைக் கணினி மீண்டும் எழுதிக்கொள்வதால் வருவது முதல் வகை. இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகும். ஏற்கெனவே நலிந்திருந்த டிஸ்க், பராமரிப்பின் பாரத்தில் தன் நோயை வெளிக்காட்டுவது இரண்டாவது வகை. அது தானாகச் சரியாகாது, நாளுக்கு நாள் மோசமாகும். பழுது பார்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான்.

அதற்குக் கணினி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உள்ள பயோஸ். நினைவகமும் டிஸ்க்கும் இருக்கின்றனவா என்று அது சோதித்து, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிக்கும். பிறகு விண்டோஸின் கருவும் டிரைவர்களும் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு ஏறும். அவற்றின் பின்னால் சேவைகள், கடைசியாகப் பயனரின் டெஸ்க்டொப். கம்பனியின் சின்னம் மட்டும் தெரிந்து, சுழலும் புள்ளிகள் வராமலே நேரம் போனால் கோளாறு பயோஸ் கட்டத்தில். புள்ளிகள் சுழன்றுகொண்டே இருந்தால் டிரைவரிலோ டிஸ்க்கிலோ. கறுப்புத் திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருந்தால் செக்டிஸ்க் ஓடுகிறது. டெஸ்க்டொப் வந்தும் மவுஸ் அழுத்தத்துக்குப் பதில் இல்லையென்றால், தொடக்கத்தில் ஓடும் புரோகிராம்களே பெரும்பாலும் காரணம்.

மணிக்கூட்டைப் பார்த்து மதிப்பிடுவதைவிட விண்டோஸ் தானே எழுதி வைக்கும் கணக்கு நம்பகமானது. ஈவென்ட் வியூவரில் டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ் என்ற பதிவேட்டில் 100 ஆம் இலக்கக் குறிப்பு, ஒவ்வொரு முறையும் திறக்க எடுத்த நேரத்தை மில்லிசெக்கனில் சொல்லும். 101 தாமதப்படுத்திய புரோகிராமையும், 102 டிரைவரையும், 103 சேவையையும் பெயரோடு காட்டும். துப்புரவுக்கு முந்திய வாரத்தின் எண்ணையும் பிந்திய வாரத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஊகத்துக்கு இடமில்லை. திருத்துமிடங்களில் இந்தப் பதிவேட்டைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே என்பது வியப்பு. செலவில்லாத, இரண்டு நிமிட வேலை இது.

தானாகச் சரியாகும் தாமதங்களில் முதன்மையானது பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிப்பதால் வருவது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, கணினி திறக்கும்போது எந்தெந்தக் கோப்புகள் எந்த வரிசையில் தேவைப்படுகின்றன என்று கவனித்து எழுதி வைக்கத் தொடங்கியது. வழமையான வாடிக்கையாளர் வாசலில் தெரிந்ததும், அவர் வாய் திறக்குமுன் சாமானை எடுத்து வைக்கும் கடைக்காரரின் வேலைதான் இது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தக் குறிப்பின் பயன் பெரிது. லெப்டொப்பில் உள்ள டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன். வாசிக்கும் ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சிறு வாசிப்புக்குச் சுமார் 15 மில்லிசெக்கன் போகும். சிதறிக் கிடக்கும் 10,000 துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தால் 150 செக்கன், அதாவது இரண்டரை நிமிடம். முன்கூட்டியே தெரிந்து வரிசையாக வாசித்தால் அதில் ஒரு சிறு பங்கே ஆகும்.

பிரீஃபெட்ச் ஃபோல்டர் குப்பை என்றும், அதை வாரந்தோறும் அழிக்க வேண்டும் என்றும் ஒரு நம்பிக்கை எக்ஸ்பி காலத்திலிருந்தே பரவியிருக்கிறது. துப்புரவு மென்பொருள்கள் சிலவும் அதற்குத் துணைபோகின்றன. விண்டோஸ் 7 வரை அந்த ஃபோல்டரில் 128 குறிப்புகளும், விண்டோஸ் 8 முதல் 1024 குறிப்புகளும்தான் இருக்கும். பழையவை தாமாகவே கழியும். அழித்தவர் இழப்பது கணினியின் அனுபவத்தை. நாலைந்து முறை வழமைபோல் திறந்து மூடினால் அது மீண்டும் சேர்ந்துவிடும். வெளியார் டீஃப்ராக் மென்பொருளைப் பயன்படுத்தும்போதும் இதே தாமதம் நேரலாம். தொடக்கத்துக்கு வேண்டிய கோப்புகளை விண்டோஸ் தனக்கேற்ற வரிசையில் அருகருகே அடுக்கி வைத்திருக்கும். அந்த வரிசையைப் பொருட்படுத்தாத மென்பொருள் அதைக் கலைத்துவிடும்.

அப்டேட் கோப்புகளை அழித்தபின் வரும் முதல் தாமதமும் இந்த வகையே. டிஸ்க் கிளீன்அப்பில் விண்டோஸ் அப்டேட் கிளீன்அப் என்ற பெட்டியில் சரி போட்டால், அழிக்கும் வேலையின் ஒரு பகுதி அடுத்த முறை கணினி திறக்கும்போதுதான் நடக்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி நிறுத்துவதுதான் பெருந்தவறு. தேடல் அட்டவணையும் படங்களின் சிறு உருக்களும் அழிக்கப்பட்டிருந்தால், டெஸ்க்டொப் வந்த பின்னும் சிறிது நேரம் டிஸ்க் விளக்கு ஓயாமல் எரியும். ஓரிரவு கணினியை இயக்கத்தில் விட்டால் போதும்.

தானாகச் சரியாகாத, ஆனால் நோயும் அல்லாத ஒரு காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நின்றுபோவது. விண்டோஸ் 8 முதல், ஷட்டவுன் கொடுக்கும்போது கணினி முழுமையாக அணைவதில்லை. பயனரின் வேலைகளை மட்டும் மூடிவிட்டு, விண்டோஸ் கருவின் நிலையைச் சி டிரைவில் மறைந்திருக்கும் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அடுத்த நாள் அதை அப்படியே வாசித்துத் திறக்கிறது. விண்டோஸ் 10 இல் அந்தக் கோப்பின் அளவு வழமையாக நினைவகத்தின் 40 விழுக்காடு. 8 ஜிபி நினைவகத்துக்கு 3 ஜிபிக்கு மேல். இடம் போதாத சி டிரைவைத் துப்புரவு செய்பவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். இந்தக் கோப்பை ஆக்கும் ஹைபர்னேஷன் வசதியை நிறுத்திக் கோப்பை நீக்கினால் 3 ஜிபி இடம் கிடைக்கும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. ரீஸ்டார்ட் கொடுத்தால் கணினி எப்போதும் முழுமையாகவே தொடங்கும். ரீஸ்டார்ட்டுக்கு எடுக்கும் நேரமும், அணைத்துப் போடும்போது எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யவில்லை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவுசெய்யும் பக்கத்தில் அதை மீண்டும் இயக்கலாம். அந்தத் தெரிவே அங்கே காணப்படாவிட்டால் ஹைபர்னேஷன் அணைந்திருக்கிறது என்று பொருள். அதை முதலில் இயக்க வேண்டும்.

கிழக்கு மாகாணத்தின் அம்பாறைக் கரையோர ஊர்களில் இத்தகைய தாமதங்களின் வேர் பெரும்பாலும் மின்சாரத்தில் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. நேர அட்டவணையோடு வரும் மின்வெட்டுக்கு முன்னால் கணினியை அணைத்துவிடலாம். அட்டவணையில்லாமல் போகும் மின்சாரம்தான் கேடு. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. குரங்கு ஒன்று உள்ளே புகுந்ததே காரணம் என்று அரசு சொன்னது. வடகீழ்ப் பருவமழைக்கு முன்னான ஒக்டோபர், நவம்பர் மாத இடிமின்னலோடு வரும் சிறுசிறு வெட்டுகள் செய்தியில் இடம்பெறுவதில்லை. ஆனால் கல்முனையின் கொமினிகேஷன் கடைகளிலும், மருதமுனைக் கைத்தறி வியாபாரிகளின் கணக்கு மேசைகளிலும், சம்மாந்துறை அரிசி ஆலைகளிலும் யூபிஎஸ் இல்லாமல் ஓடும் கணினிகளுக்கு அவை ஒவ்வொன்றும் ஓர் அடி. பெற்றரி செத்துப்போய் அடப்டரில் மட்டும் ஓடும் லெப்டொப்பும் இந்த விடயத்தில் டெஸ்க்டொப் கணினிக்குச் சமம்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவும் உண்மை நிலையும் பொருந்தாமல் போகலாம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்பு, செய்யப்போவதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு செய்வதால் சிறு குழப்பங்களைத் தானே தீர்த்துக்கொள்ளும். தீர்க்க முடியாத பொருத்தமின்மை தெரிந்தால், அந்த டிரைவின் மீது அழுக்கு என்று ஓர் அடையாளத்தை இடும். அந்த அடையாளம் இருக்கும்வரை, கணினி திறக்கும்போது விண்டோஸ் வருமுன்னரே செக்டிஸ்க் ஓடும். பரிசோதனையைத் தவிர்ப்பதென்றால் ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு திரையில் சில செக்கன்கள் காட்டும்.

ஒருமுறை ஓடி அடையாளத்தைத் துடைத்துவிட்டால் அதோடு முடிந்தது. ஒவ்வொரு நாளும் ஓடினால்தான் கவலை. பரிசோதனை முழுமையடையாமல் ஒவ்வொரு முறையும் விசை அழுத்தித் தவிர்க்கப்படுவது ஒரு காரணம். அப்படியானால் ஒருமுறை பொறுமையாக ஓடவிட வேண்டும். ஓடி முடித்தும் அடையாளம் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க் எழுதச் சொன்னதைச் சரியாக எழுதாமல் இருக்கலாம். அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் விடும்படி விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கவும் முடியும். சிலர் அதையே திருத்தம் என்று செய்து கொடுக்கிறார்கள். அதனால் காத்திருப்பு நீங்கும், பழுது அப்படியே கிடக்கும்.

செக்டிஸ்க் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கோப்பு அமைப்பை மட்டும் பார்க்கும் பரிசோதனை சில நிமிடங்களில் முடியலாம். செக்டர் எனும் சிறு பகுதிகளில் பழுதானவற்றைத் தேடும் முழுப் பரிசோதனை டிஸ்க்கின் ஒவ்வோர் அங்குலத்தையும் வாசிக்கும். செக்கனுக்கு 100 எம்பி வாசிக்கும் நல்ல டிஸ்க் ஒன்றுக்கே 1 டிபியை வாசிக்க 10,000 செக்கன், அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணித்தியாலம் வேண்டும். பழுதான டிஸ்க்குக்கு ஒரு நாளும் போதாமல் போகலாம். இடையில் மின்சாரம் போனால் திருத்தப் போனது கூடுதலாகக் கெடும். யூபிஎஸ் இல்லாத வீட்டில், மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் இந்தப் பரிசோதனையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இனி உண்மையான நோய். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு செக்டர் நலிந்தால், டிஸ்க் அதை ஒரே தடவையில் கைவிடுவதில்லை. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். வீட்டுப் பாவனைக்கான டிஸ்க்குகள் ஒரே செக்டருக்காகப் பல செக்கன்கள் போராடும். விண்டோஸ் தொடங்கத் தேவையான கோப்பு ஒன்று அத்தகைய இடத்தில் இருந்தால், புள்ளிகள் சுழன்றுகொண்டே இருக்கும். டீஃப்ராக் இந்த இடத்தில்தான் வினையாகிறது. நெடுநாள் தொடப்படாமல் கிடந்த பகுதிகளையும் அது வாசித்து எழுதிக் கோப்புகளை இடம் மாற்றுகிறது. நன்றாக இருந்த இடத்திலிருந்த தொடக்கக் கோப்பு, நலிந்த இடத்துக்குப் போய்ச் சேரலாம். பராமரிப்பு டிஸ்க்கைக் கெடுத்துவிட்டது என்று அப்போது தோன்றும். டிஸ்க் முன்பே கெட்டிருந்தது.

ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் டிஸ்க் என்ற பெயரில் 7 ஆம் இலக்கக் குறிப்பு இருந்தால் பழுதான செக்டர் உண்டு என்பது உறுதி. 153 என்பது வாசிப்பை மீண்டும் முயன்றதைக் குறிக்கும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவையும் பார்க்கலாம். ஜப்பானில் உருவான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 05 என்ற வரி, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5 என்பது வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். இரண்டும் பூச்சியமாக இருப்பது நல்லது. சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது.

2007 இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று அது கண்டது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. ஸ்மார்ட் பதிவு கெட்டது என்றால் நம்பலாம். நல்லது என்றால் முழுதாக நம்ப முடியாது.

ஆகவே பழுதான டிஸ்க் என்ற ஐயம் வந்ததும் வேலையின் வரிசை மாற வேண்டும். முதலில் கோப்புகளைப் பிரதி எடுப்பது, பிறகுதான் பரிசோதனை. பரீட்சைக் குறிப்புகள், கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு என்று திரும்பக் கிடைக்காதவை முதலில். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முழுச் செக்டிஸ்க்கை இரவு முழுவதும் ஓடவிட்டு, சாகக் கிடக்கும் டிஸ்க்கின் கடைசி மூச்சையும் அதிலேயே செலவழித்துவிட்டு, காலையில் கோப்புகளைத் தேடுகிறார்கள்.

கடலோர ஊர்களுக்கே உரிய ஒரு சந்தேகத்தையும் பார்த்துவிட வேண்டும். சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று வரை குடியிருப்புகளில் பெரும்பகுதி கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து, டிஸ்க்கையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் சாட்டா கேபிளின் உலோக முனைகளை அரிக்கும். முனை சரியாகத் தொடாவிட்டால் தரவு பிழையாக வரும், கணினி மீண்டும் கேட்கும், நேரம் போகும். ஸ்மார்ட் பதிவில் சி7 என்ற வரி இதைக் காட்டிக்கொடுக்கும். துப்புரவு என்று பெட்டியைத் திறந்து தூசி தட்டியபோது கேபிள் சற்றே தளர்ந்திருந்தாலும் அதே கதைதான். புதிய கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது மலிவான வேலை. சி7 எண் ஒருபோதும் குறையாது. கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்பதே கேள்வி. எக்ஸ்பி காலத்துப் பட்டையான ஐடிஇ கேபிள்களில் இந்தக் கோளாறு இன்னும் கொடியது. ஆறு பிழைகள் சேர்ந்ததும் விண்டோஸ் அந்த டிஸ்க்கை வேகம் குறைந்த முறைக்கு மாற்றிவிடும், கோளாறு தீர்ந்த பின்னும் அப்படியே வைத்திருக்கும். அத்தகைய கணினிகள் சில இன்னும் கடைகளில் ஓடுகின்றன.

சின்னத்தோடு நின்றுபோகும் கணினிக்குக் காரணம் பெரும்பாலும் பயோஸ் ஒழுங்கு. டிஸ்க்கை மாற்றிய பிறகு, இல்லாத பழைய டிஸ்க்கையோ வலையமைப்பையோ பயோஸ் முதலில் தேடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் உள்ள டிஸ்க்கை வரிசையில் முதலாவதாக வைத்தால் தீர்ந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தின் மேல் மூலையில், பல புதிய கணினிகள் பயோஸ் எடுத்த நேரத்தைச் செக்கனில் காட்டும். தொடக்கத்தில் ஓடும் புரோகிராம்களின் பட்டியலும் அதே பக்கத்தில்தான்; துப்புரவுக்கென்று இறக்கிய மென்பொருளே அதில் தன் பெயரையும் சேர்த்திருப்பது அரிதல்ல.

லினக்ஸ் பாவிப்போருக்கு வேறொரு பொறி உண்டு. கணினி விஞ்ஞானம் படிக்கும் மாணவர் பலர், விண்டோஸையும் உபுண்டுவையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருப்பர். பகுதிகளை மாற்றியமைக்கும்போது ஸ்வாப் பகுதியை அழித்துப் புதிதாக ஆக்கினால், அதன் அடையாள எண் மாறிவிடும். கணினியோ எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதியுள்ள பழைய எண்ணையே தேடும். சரியாக 90 செக்கன் காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் பிசகாமல் தாமதித்தால் வேறு எதையும் தேட வேண்டாம். கோப்பில் புதிய எண்ணை எழுதினால் போதும்.

எஸ்எஸ்டி உள்ள கணினிக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அதில் சுழலும் தட்டும் ஊசியும் இல்லை. ஒரு சிறு வாசிப்புக்கு 0.1 மில்லிசெக்கன் அளவே ஆகும். முன்பு கணக்கிட்ட 10,000 வாசிப்புகளும் ஒரு செக்கனில் முடியும். ஆகவே கோப்பு சிதறிக் கிடப்பதால் நட்டமில்லை, டீஃப்ராக்கும் வேண்டியதில்லை. விண்டோஸ் 8 முதல் அந்தக் கருவி எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, அழிந்த இடங்களை அதற்கு அறிவிக்கும் டிரிம் வேலையைச் செய்கிறது. அது தானாக ஓடும் நேர அட்டவணையை அணைக்காமல் விடுவதும், டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாமல் இருப்பதும் போதும்.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு புதிய கணினி வாங்குவது பல குடும்பங்களுக்கு எட்டாத செலவாகிவிட்டது. பழைய கணினிக்கு எஸ்எஸ்டி ஒன்றும், மின்சாரம் போனால் ஒழுங்காக அணைக்கப் பத்து நிமிடம் தரும் சிறு யூபிஎஸ் ஒன்றும் வாங்குவது, துப்புரவு மென்பொருள்கள் எல்லாவற்றையும்விடப் பயன் தரும். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. எனினும் எஸ்எஸ்டிக்குக் கொடுத்த பணம் அந்தக் கணினியோடு முடிவதில்லை. பழைய கணினியிலிருந்து கழற்றிய சாட்டா எஸ்எஸ்டியை, சாட்டா இணைப்புள்ள எந்தக் கணினியிலும் பொருத்தலாம்.